மங்கா கஃபேயில் எந்த ராத்திரி, ஹாஸ்டலில் எந்த ராத்திரி?

என் சித்தி பையன் வருகிற மார்ச் கடைசியில் ஜப்பான் போகிறான். பதினான்கு ராத்திரி, தனியாள், கையில் எண்ணி வைத்த காசு. அவன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தில் பத்து ராத்திரிகளுக்கு நேராக ‘மங்கா கஃபே’ என்று போட்டிருந்தான். மங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ்; அதைப் படிக்க மணிக் கணக்கில் இடம் தரும் கடை இது. யூடியூபில் பார்த்திருக்கிறான். சின்னத் தடுப்பறை, தரையில் மெத்தை, கம்ப்யூட்டர், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்க ஜூஸ், சாஃப்டி ஐஸ்கிரீம், காலையில் ஷவர். எல்லாம் சேர்த்து 2,500 யென். “இதை விட்டுட்டு ஹோட்டலுக்கு எதுக்குண்ணா காசு கொட்டணும்?” என்று கேட்டான்.

அன்றைக்குப் போனில் அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. அவனைப் போலவே கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஜப்பானில் வேலை பார்த்த வருடங்களில் நான் எட்டு, ஒன்பது ராத்திரி மங்கா கஃபேயில் படுத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் அது. சரியான ராத்திரியில் போனால் அதைப் போல உதவும் இடம் அந்த ஊரில் இன்னொன்று கிடையாது. தப்பான ராத்திரியில் போனால் காசும் மிஞ்சாது, தூக்கமும் மிஞ்சாது.

விலைகளைச் சொல்வதற்கு முன் ஒன்று. 100 யென் என்றால் இப்போதைக்கு ஏறக்குறைய 55 முதல் 60 ரூபாய். நான் தரும் தொகைகள் கடைக்குக் கடை, ஊருக்கு ஊர், கிழமைக்குக் கிழமை மாறும். சுமாரான அளவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்து ராத்திரி மங்கா கஃபே, ராத்திரிக்கு 2,500 யென் வீதம் 25,000 யென். அதே பத்து ராத்திரிக்கு ஹாஸ்டலில் பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில் 3,500 யென் என்று வைத்தால் 35,000. வித்தியாசம் 10,000 யென். நம் பணத்தில் ஆறாயிரத்துக்கு உள்ளே.

இந்த ஆறாயிரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பதினான்கு நாள் பயணத்துக்குப் பெரிய பெட்டி ஒன்று இருக்கும். மங்கா கஃபே தடுப்பறையில் அந்தப் பெட்டியையும் வைத்து நீங்களும் படுக்க முடியாது. ரயில் நிலையத்து காயின் லாக்கரில்தான் போட வேண்டும். பெரிய அளவு லாக்கர் ஒரு நாளைக்கு 700 யென் போல. நாள் மாறினால் அடுத்த நாளுக்கும் காசு ஏறும். பத்து நாளில் இதற்கே 7,000. காலை ஏழு மணிக்கு பேக்கேஜ் நேரம் முடிந்து வெளியே வருவீர்கள். கோயில் தவிர மற்ற இடங்கள் பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குத்தான் திறக்கும். குளிருக்கு ஒதுங்கி ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தால் 500 யென். ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டால் கூடுதல் நேரத்துக்கு அபராதம் போல ஒரு தொகை. கூட்டிப் பாருங்கள், 10,000 தாண்டிவிடும். ஹாஸ்டலில் கட்டிலைக் காலி செய்த பிறகும் சாயங்காலம் வரை பெட்டியைக் காசில்லாமல் வைத்திருப்பார்கள். சமையலறை இருக்கும். துணி துவைக்க மெஷின் இருக்கும்.

ஆகவே தினப்படி தங்குமிடமாக மங்கா கஃபே சிக்கனம் என்பது, பெட்டி இல்லாமல் முதுகுப் பை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு மட்டும் பொருந்தும். அவருக்கும் மூன்றாவது நாளிலிருந்து பகல் முழுக்கக் கண் சொக்கும்.

இன்னொரு விஷயம், பலரும் விமானம் ஏறும் வரை யோசிப்பதில்லை. இந்தியர்களுக்கு ஜப்பான் போக விசா வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலில் இருந்து இ-விசாவும் வந்திருக்கிறது. எந்த வழியில் விண்ணப்பித்தாலும் எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள் என்று ஒரு அட்டவணை கேட்பார்கள். இறங்கியதும் குடியேற்றப் பிரிவிலும் தங்கும் முகவரி எழுத வேண்டும். அங்கே மங்கா கஃபே என்று எழுத முடியாது. ஜப்பானியச் சட்டப்படி அது தங்கும் விடுதியே கிடையாது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 1948-ல் வந்த விடுதித் தொழில் சட்டம், காசு வாங்கிக்கொண்டு படுக்கை கொடுத்துத் தங்க வைப்பதைத்தான் விடுதித் தொழில் என்கிறது. ஹாஸ்டலும், ஒரு ஆள் படுக்கும் அளவு பெட்டி அறைகள் உள்ள கேப்சூல் ஹோட்டலும் அந்தச் சட்டத்தின் கீழ் எளிய விடுதி என்ற வகையில் உரிமம் வாங்கியவை. மங்கா கஃபே அதற்கு வெளியே நிற்கிறது. இதன் ஜப்பானியப் பெயரான மங்கா கிஸ்ஸா என்பதில் கிஸ்ஸா என்றால் காபிக் கடை. காபிக் கடையில் மங்கா புத்தகங்களை அடுக்கி, மணிக் கணக்கில் உட்காரவிட்டு, பிறகு கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் சேர்த்து வளர்ந்த தொழில் இது. நீங்கள் அங்கே தூங்குவது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. ஆனால் கடை உங்களுக்கு விற்பது இத்தனை மணி நேரம் உட்காரும் இடம். விரிப்போடு கூடிய படுக்கை இல்லாததற்கும், போர்வை மட்டும் ஒரு கூடையில் கிடப்பதற்கும், உங்கள் பெயருக்கு வரும் பார்சலை வாங்கி வைக்க ஆள் இல்லாததற்கும் காரணம் இதுதான்.

உள்ளே போனால்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். பல மாடிக் கட்டிடத்தில் நான்காவது, ஐந்தாவது தளம், இல்லையென்றால் நிலவறை. லிஃப்ட் கதவு திறந்ததுமே கவுண்டர். கைகத்ஸு கிளப் போன்ற பெரிய சங்கிலிகளில் உறுப்பினர் பதிவு உண்டு. அதைச் செயலி வழியாகச் செய்யச் சொல்வார்கள். (கைகத்ஸு கிளப், ஆண்களுக்கான கோட் சூட் விற்றுப் பேர் வாங்கிய ஆவோகி குழுமத்துடையது.) டோக்கியோவில் 2010 ஜூலை முதல் தேதியிலிருந்து ஒரு மாநகரச் சட்டம் நடப்பில் இருக்கிறது. இண்டர்நெட் கம்ப்யூட்டர் தரும் கடைகள் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். சுற்றுலா போகிறவருக்கு அடையாளம் என்றால் பாஸ்போர்ட்தான். ஜெராக்ஸ் செல்லாது. எப்படியும் வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

அடுத்து இருக்கை வகை கேட்பார்கள். தூக்கத்தின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. திறந்தவெளி இருக்கை வேண்டவே வேண்டாம், அது ஓரிரு மணி நேரத்துக்கானது. சாய்வு நாற்காலி உள்ள தடுப்பறையில் பஸ்ஸில் தூங்குவது போலத் தூங்கலாம். ‘ஃபுராட்டோ’ என்பதுதான் நமக்கு வேண்டியது. தரை முழுக்க மெத்தை போட்ட தடுப்பறை. அகலம் ஒரு மீட்டர் சுமார், நீளம் ஒரு ஆள் படுக்கும் அளவு. ஒரு முனையில் கம்ப்யூட்டர் மேசை இருக்கும். காலை அதன் அடியில் நீட்ட வேண்டும். என்னைப் போல ஐந்தடி ஒன்பது அங்குலம் இருந்தால் குறுக்காகப் படுத்தால்தான் முட்டி நேராகும். மெத்தைக்கு மேல் கறுப்பு ரெக்சின் உறை. கோடையில் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பருத்தித் துண்டு கொண்டுபோய் விரித்துவிட்டால் அந்த ஒரு துண்டிலேயே பாதித் தூக்கம் திரும்ப வந்துவிடும்.

புகை பிடிக்கும் பகுதியா, பிடிக்காத பகுதியா என்றும் கேட்பார்கள். 2020 ஏப்ரலில் இருந்து கட்டிடங்களுக்குள் புகை பிடிப்பதற்கு நாடு முழுக்கக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. ஆனாலும் தனியாகப் பிரித்த பகுதி வைத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. “ஃபுராட்டோ ஷீட்டோ, கின்என், ஒநெகாய் ஷிமாஸ்.” மெத்தை இருக்கை, புகை இல்லாத பகுதி, தயவுசெய்து. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

நேரக் கணக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ‘நைட்டோ பக்கு’ என்ற இரவு பேக்கேஜ் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று இருக்கும். கடிகாரம் நீங்கள் கவுண்டரில் சீட்டு வாங்கிய நிமிடத்திலிருந்து ஓடும். இரவு ஒன்பதரைக்குப் போய் எட்டு மணி நேரம் வாங்கினால் காலை ஐந்தரைக்கு முடிந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து, பதினைந்து நிமிடத்துக்கும் நூறு யென் போலத் தானாக ஏறும். யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். நான் ஒரு தடவை எழுபது நிமிடம் கூடத் தூங்கி, பேக்கேஜ் விலையில் கால் பங்குக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன். போனை வைப்ரேஷனில் போட்டுத் தலைக்கு அடியில் வையுங்கள். அலாரம் சத்தமாக அடித்தால் அந்தத் தளத்தில் நாற்பது பேர் எழுந்திருப்பார்கள்.

ஏனென்றால் தடுப்பு கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, அவ்வளவுதான். விளக்கை மங்கலாக்குவார்கள், அணைக்க மாட்டார்கள். அடுத்த அறைக் குறட்டை, அதற்கடுத்த அறைக் கீபோர்டு, தூரத்தில் டிரிங்க் பாரில் ஐஸ் கட்டி விழும் சத்தம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே மிதக்கும். காது அடைப்பானும் கண் மறைப்பானும் இல்லாமல் போகவே போகாதீர்கள். இரண்டும் எந்த நூறு யென் கடையிலும் கிடைக்கும்.

சில வருடங்களாகப் பூட்டுள்ள முழு அறைகள் வந்திருக்கின்றன. சுவர் கூரை வரை, கதவுக்குப் பூட்டு. ‘காகி த்ஸுகி கொஷிட்சு’ என்று கேட்க வேண்டும். ஐந்நூறு, ஆயிரம் யென் கூட ஆகும். தனியாகப் போகும் பெண்கள் மங்கா கஃபே என்று முடிவெடுத்தால் இந்த வகையை மட்டுமே எடுங்கள் என்பேன். பெண்களுக்கென்று தனிப் பகுதி உள்ள கடைகளும் இருக்கின்றன, அவையும் சரி. இரண்டும் கிடைக்காவிட்டால் அந்த ராத்திரி கேப்சூல் ஹோட்டலின் பெண்கள் தளத்துக்குப் போய்விடுங்கள். ஆயிரம் யென்னைப் பார்க்க வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களை, யார் கூட வந்தாலும், நள்ளிரவில் உள்ளே விட மாட்டார்கள்.

புத்தகங்கள் பல்லாயிரம் இருக்கும். ஆனால் எல்லாம் ஜப்பானிய மொழியில். கடை தரும் சுகங்களில் பாதி, மொழி தெரிந்தவருக்கானது என்பதையும் விலையோடு சேர்த்து யோசிக்க வேண்டும். ஜப்பானியம் படிப்பவருக்கு 2,500 யென்னில் ஒரு நூலகமும் கிடைக்கிறது. தம்பிக்கு அது கிடைக்கப் போவதில்லை.

சாப்பாடு பற்றி ஒரே வார்த்தை. உருளைக்கிழங்கு வறுவல், ராமென், கறி சாதம் என்று மெனு இருக்கும். சைவக்காரர்கள் வறுவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலவசச் சோள சூப் பொடியில்கூடக் கோழிச் சாறு இருக்கலாம்.

பக்கத்து அறைக்காரர்

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒரு குளிர்கால வியாழக்கிழமை, கடைசி ரயிலைத் தவறவிட்டு ஒரு கடையில் படுத்திருந்தேன். விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எதிர்த் தடுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. அறுபதைத் தாண்டிய ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். நான்காக மடித்து, ஓரங்களைக் கையால் அழுத்தி, திருப்தி இல்லாமல் பிரித்து மறுபடி மடித்தார். கொக்கியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தொங்கியது. மேசை ஓரத்தில் பல் துலக்கும் குவளை, ரப்பர் போட்டுக் கட்டிய ரசீதுகள், சின்ன நாள்காட்டி. நாள்காட்டி வைத்திருப்பவர் ஒரு ராத்திரிக்கு வந்தவர் இல்லை. அவர் கவுண்டரில் சாவியைக் கொடுத்தபோது அங்கிருந்த பையன் “இத்தெராஷ்ஷாய்மஸே” என்றான். நம்மூரில் வீட்டு வாசலில் நின்று “போயிட்டு வாங்க” என்போமே, அதே சொல்.

வீடு இல்லாமல் இந்தக் கடைகளிலேயே காலம் தள்ளுகிறவர்களை ‘நெட் கஃபே அகதிகள்’ என்று ஜப்பானிய ஊடகங்கள் 2007 வாக்கில் அழைக்கத் தொடங்கின. அந்த ஆண்டு தொழிலாளர் நல அமைச்சகம் எடுத்த கணக்கில் நாடு முழுக்க அப்படி 5,400 பேர். 2018 ஜனவரியில் டோக்கியோ மாநகர அரசு வெளியிட்ட கணக்கில் டோக்கியோவில் மட்டும் வார நாள் ராத்திரிகளில் ஏறக்குறைய 4,000 பேர். நிரந்தர வேலை இல்லாத தினக்கூலிக்காரர்கள் பலர். டோக்கியோவில் வீடு வாடகைக்கு எடுக்க முன்பணம், உத்தரவாதம் கொடுக்கிறவர், வீட்டுக்காரருக்கு அன்பளிப்புப் பணம் என்று முதலிலேயே பல மாத வாடகை போகும். அந்த மொத்தத் தொகை கையில் சேராதவர், மாதக் கணக்கில் பார்த்தால் வாடகையைவிட அதிகமாகவே தினம் 2,000, 2,500 என்று இங்கே கட்டிக்கொண்டிருக்கிறார். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக இந்தக் கடைகளை மூடச் சொன்னபோது, இவர்களுக்காக டோக்கியோ அரசு ஹோட்டல் அறைகளை ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது.

நாம் போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு அந்த நடைபாதைகளில் நடக்காதீர்கள். அது சிலருக்குப் படுக்கையறை.

படுப்பதற்கு முன் அவசர வழி எங்கே என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 2008 அக்டோபர் முதல் தேதி ஒசாகாவின் நம்பா பகுதியில் தனியறை வீடியோ கடை ஒன்றில் விடியற்காலை தீப்பிடித்து, தூங்கிக்கொண்டிருந்த பதினைந்து பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அது மங்கா கஃபே கிடையாது. ஆனால் குறுகிய நடைபாதை, வரிசையாகச் சின்ன அறைகள், கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் என்று எல்லாம் அதே மாதிரிதான்.

கேப்சூல்

மங்கா கஃபேக்கு நேர்ப் போட்டி ஹாஸ்டலைவிடக் கேப்சூல் ஹோட்டல்தான். 1979-ல் ஒசாகாவின் உமேதாவில் திறந்த கேப்சூல் இன் ஒசாகா முதல் கேப்சூல் ஹோட்டல். வடிவமைத்தவர் கட்டிடக் கலைஞர் கிஷோ குரோகாவா. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஊழியர்களுக்கு, டாக்ஸிக் காசைவிடக் குறைவாக ஒரு படுக்கை என்பதுதான் அப்போதைய வியாபாரம். இன்றைக்கும் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், நிமிர்ந்து உட்காரும் உயரம். மங்கா கஃபேயைவிட இடம் பெரிதில்லை. ஆனால் நிஜமான மெத்தை, தலையணை, வெள்ளை விரிப்பு, விளக்கை அணைக்கும் உரிமை இதில் உண்டு. பல இடங்களில் கீழ்த் தளத்தில் பெரிய பொதுக் குளியல் தொட்டி. நாள் முழுக்க நடந்த காலை அந்தச் சுடுநீரில் வைத்த பிறகு வரும் தூக்கத்தை எந்த ஃபுராட்டோவும் தராது. உடலில் பச்சை குத்தியிருந்தால் தொட்டியில் இறங்கவிடாத இடங்கள் நிறைய, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கதவு கிடையாது, திரைதான். பெட்டி லாக்கரில் நுழையாது, வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள். தொடர்ந்து இரண்டு ராத்திரி எடுத்தாலும் பகலில் காலி செய்யச் சொல்லும் இடங்கள் உண்டு.

சாதாரண வார நாளில் கேப்சூல் 3,000 முதல் 4,000 யென். மங்கா கஃபேயைவிட ஆயிரம் யென் கூட. இந்த ஆயிரத்தில் தயங்கவே வேண்டாம். வார நாள் என்றால் கேப்சூல்தான், இல்லையென்றால் ஹாஸ்டல்.

சனிக்கிழமைதான் கதை மாறுகிறது. சக்கூரா என்ற செர்ரிப் பூ பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறை, பெரிய இசைக் கச்சேரி நடக்கும் நாள்: இப்படிப்பட்ட ராத்திரிகளில் அதே கேப்சூல் 7,000, 8,000 என்று ஏறி நிற்கும். பிஸினஸ் ஹோட்டல் அதற்கும் மேலே. மங்கா கஃபே விலைப் பலகை அப்படித் துள்ளாது. வார இறுதிக்குச் சில நூறு யென் கூடும், அவ்வளவுதான். அந்த ராத்திரியில் மங்கா கஃபேயும் மற்றதும் நான்காயிரம், ஐந்தாயிரம் யென் வித்தியாசத்தில் நிற்கும்போது, ரெக்சின் மெத்தையில் ஒரு ராத்திரி புரள்வதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதே யோசனை ஊரில் எல்லோருக்கும் வரும். கடைசி ரயில் போன பிறகு, நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் ஃபுராட்டோ எல்லாம் தீர்ந்திருக்கும். பத்து மணிக்கே போய், பன்னிரண்டு மணி நேரத்தை வாங்கிவிடுங்கள்.

ஊர் மாறும் ராத்திரி

டோக்கியோவிலிருந்து ஒசாகா ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஷின்கன்சென் என்ற அதிவேக ரயில் ஒரு வழிக்கே 14,000 யென் சுமார். 2023 அக்டோபரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் சீட்டான ஜே.ஆர். பாஸை 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 ஆக்கியதிலிருந்து, பாஸ் வாங்கினால் மிச்சம் என்ற பழைய அறிவுரை பெரும்பாலானவர்களுக்குச் செல்லாது.

இரவு பஸ்ஸில் 5,000 முதல் 9,000 யென். இரவு பதினொன்று வாக்கில் டோக்கியோ ஷின்ஜுக்குவின் பஸ்தா பஸ் நிலையத்தில் ஏறினால் காலை ஏழுக்கு ஒசாகா. ஒரு ராத்திரித் தங்கலும் பயணமும் ஒரே சீட்டில் அடங்கிவிடுகிறது. மங்கா கஃபேயில் 2,500 கொடுத்துத் தூங்கி, காலையில் ஷின்கன்சென் ஏறுகிறவர் மொத்தம் 16,500 கொடுக்கிறார். ஊர் மாறும் ராத்திரியில் மங்கா கஃபே என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கு வரிசை இருக்கை பஸ்ஸை மட்டும் தவிருங்கள். நம்மூர் ஆம்னி பஸ் ஸ்லீப்பரில் போய்ப் பழகிய உடம்பு அதில் விடிய விடிய முழித்திருக்கும். மூன்று வரிசையாகத் தனித்தனி இருக்கை, பக்கத்தில் திரை உள்ள பஸ்ஸுக்கு இரண்டாயிரம் யென் கூடக் கொடுங்கள்.

ஒசாகாவிலோ கியோத்தோவிலோ காலை ஆறு, ஏழு மணிக்கு இறங்கிக் கண்ணெரிச்சலோடு நிற்கிறீர்களே, அந்த நேரத்தில்தான் மங்கா கஃபேயின் அருமை தெரியும். மூன்று மணி நேர பேக்கேஜ், ஆயிரம் யென் சுற்றுவட்டாரம். ஷவர் எடுத்து, சட்டை மாற்றி, போன் சார்ஜ் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் குட்டித் தூக்கம் போட்டு, ஊர் திறக்கும் நேரத்துக்கு வெளியே வரலாம். என்னைக் கேட்டால் அதன் மிகச் சிறந்த உபயோகம் ராத்திரியில் கிடையாது, இந்த விடியற்காலையில்தான்.

பாட்டுப் பாடும் கரோக்கே அறையை இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை எடுக்கலாம். மூன்று, நான்கு நண்பர்களாக இருந்தால் அதுதான் மலிவு, தனியாளுக்கு வேண்டாம். விடிய விடிய ஃபேமிலி ரெஸ்டாரண்டில் ஒரு காபியோடு உட்காரலாம் என்பது பழைய கதை. ராயல் ஹோஸ்ட் 2017 ஜனவரியிலேயே 24 மணி நேரச் சேவையை நிறுத்திவிட்டது, 2020-ல் ஸ்கைலார்க் குழுமமும் நிறுத்தியது. ராத்திரி வெகுநேரம் கழித்து டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் இறங்கினால் எங்கேயும் அலையாமல் மூன்றாவது டெர்மினலிலேயே இருந்துவிடுங்கள், இரவு முழுக்கத் திறந்திருக்கும். நரித்தா விமான நிலையத்தில் அதிகாலை விமானம் என்றால், இரண்டாவது டெர்மினலை ஒட்டியே நைன் அவர்ஸ் கேப்சூல் ஹோட்டல் இருக்கிறது. நகரத்து மங்கா கஃபேயில் படுத்து நாலு மணிக்கு பஸ் தேடி ஓடுவதைவிட அது மேல்.

திருத்திய திட்டம்

போனிலேயே தம்பியின் பத்தை இரண்டாக்கினோம். முதல் ராத்திரி இறங்கிய களைப்பு, கையில் முழுப் பெட்டி, குடியேற்றப் படிவத்தில் எழுத ஒரு முகவரி வேண்டும்: ஹாஸ்டல். டோக்கியோவில் வார நாள் ராத்திரிகள் நான்கும் அதே ஹாஸ்டல், தினம் பெட்டி கட்டும் வேலை இல்லை. சக்கூரா உச்சத்தில் வரும் அந்தச் சனிக்கிழமை, ஹாஸ்டலே மூன்று மடங்கு கேட்கிறது: மங்கா கஃபே, முடிந்தால் பூட்டுள்ள அறை. சனிக்கிழமை காலையே ஹாஸ்டலிலிருந்து பெட்டியை தக்யூபின் கூரியரில் ஒசாகா விடுதிக்கு அனுப்பிவிட வேண்டும். இரண்டாயிரம் யென் சொச்சம் ஆகும், ஒன்றிரண்டு நாளில் போய்ச் சேரும். அதன் பிறகு தோளில் ஒரு பை மட்டும். ஞாயிறு ராத்திரி பஸ். திங்கள் காலை ஒசாகாவில் மூன்று மணி நேர பேக்கேஜ். மீதி ராத்திரிகள் ஹாஸ்டல், நடுவில் ஒரே ஒரு நாள் குளியல் தொட்டி உள்ள கேப்சூல். இரண்டாவது மங்கா கஃபே ராத்திரியைத் தேதி போடாமல் விட்டுவைத்தோம். எங்கேயாவது ஊர் சுற்றி, கடைசி ரயில் போய்விட்டதென்றால் அன்றைக்கு.

தங்கும் செலவு அவன் முதலில் போட்டதைவிடச் சில ஆயிரம் ரூபாய்தான் கூடியது. பஸ்ஸை ஷின்கன்செனுக்குப் பதிலாகப் போட்டதில் அதைவிட அதிகம் திரும்பி வந்துவிட்டது.

“மூணு மணி நேர பேக்கேஜ்லயும் ஜூஸ் ஃப்ரீதானேண்ணா?” என்று கடைசியாகக் கேட்டான். ஃப்ரீதான். ஆனால் பஸ்ஸில் இருந்து இறங்கியதும் முதலில் சூடான கோகோவை எடுத்துக்கொள், கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார், மார்ச் காலையில் ஒசாகா நன்றாகக் குளிரும் என்றேன்.